வாயைத் திறந்துவிட்டார் மாண்டரின்!

சாப்பிட்டுடுச்சுங்க! ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகவைத்த செத்த மைசிஸ் இறாலை எங்கள் வீட்டு மாண்டரின் மீன் கொத்தி விழுங்கிவிட்டது! இதில் என்ன பெரிய சங்கதி என்று கேட்கிறவர்கள் வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொள்ளாத பாக்கியசாலிகள். பவளம் வளர்க்கிற எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், "நிஜமாவா?" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று ஆஸ்திரேலியா வரை பவளப்பாறை இடுக்குகளில் குடியிருக்கும் மீன். நீளம் ஆறேழு சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த நிறம் இருக்கிறதே, அடடா! ஆரஞ்சு உடம்பு முழுக்க நீலமும் பச்சையும் நெளிந்து நெளிந்து ஓடும். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளி சிதறுவதால் கண்ணுக்குத் தெரிகிற நீலம். இவருக்கோ தோலுக்குள்ளேயே நிஜமான நீல நிறமி. முதுகெலும்புள்ள உயிர்களில் இப்படிப்பட்டவை அபூர்வத்திலும் அபூர்வம். செதிலே கிடையாது, அதற்குப் பதில் உடம்பெல்லாம் நாற்றமடிக்கும் கோழை. அதனால் என்ன, தண்ணீருக்குள்தானே இருக்கிறார், நமக்கா நாறப்போகிறது?

சிக்கலெல்லாம் அந்த வாயில்தான். நாள் முழுக்கப் பாறையை மேய்ந்து, கோப்பிபாட் என்கிற பொடிப்பொடி உயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று பழகிய குட்டி வாய் அது. கடையில் விற்கிற குருணைத் தீனியைக் கொட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், மாப்பிள்ளை முறுக்கெல்லாம் தோற்றுப்போகும்! பாறையிலிருக்கும் கோப்பிபாட் தீர்ந்துபோனால், சுற்றிலும் தீனி மிதக்கிற தண்ணீரிலேயே வயிறு ஒட்டிச் செத்துப்போகிற இனம் இது. அதனால்தான் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், பாறைகள் பல மாதம் ஊறிப் பழுத்திருக்க வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள் தெரிந்தவர்கள்.

அப்படியும் எனக்கு மனசு கேட்கவில்லை. கையால் ஊட்டியே தீருவது என்று இறங்கிவிட்டேன். எங்கள் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்திலேயே ஒரு சோடா பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, உப்புத்தண்ணீர் ஊற்றி, காற்றுக்குழாய் விட்டு, ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலின் முட்டையைத் தூவினால் போதும். இங்கே அடிக்கிற புழுக்கத்துக்கு ஹீட்டரே வேண்டாம், ஒரே நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி, பாட்டிலின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், குஞ்செல்லாம் வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சு மேகமாகத் திரண்டு வரும், ஓடுகள் மேலே மிதக்கும்! பிறந்த சூட்டோடு, வயிற்றுக் கரு கரைவதற்குள் கொடுத்தால்தான் சத்து. குஞ்சுகளை வடிகட்டி, தொட்டி மூலையில் படுக்கவைத்த வாய் குறுகிய ஜாடிக்குள் சிரிஞ்சால் விடுவேன். கோமாளி மீன்கள் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்று முறைக்கும். உயிரோடு துள்ளுகிற குஞ்சுகளுக்கு நடுவே உறைந்த தீனியைத் துளித்துளியாகக் கலந்துகொண்டே வந்தேன்.

அந்த நிமிஷத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள், பம்பை நிறுத்தியாச்சு, தண்ணீர் அசையவில்லை, சிரிஞ்சு முனையிலிருந்து ஒரே ஒரு மைசிஸ் துண்டு சுழன்று சுழன்று ஜாடிக்குள் விழுகிறது, வருகிறார் ஐயா, நீந்திக்கூட இல்லை, அடித்துடுப்பு இரண்டையும் ஊன்றி நடந்து வருகிறார், பக்கத்துத் துடுப்புகள் படபடக்கின்றன, புடைத்த கண்கள் சுழன்று சுழன்று அந்தத் துண்டின் மேல் நிற்கின்றன, குனிகிறார், பார்க்கிறார், நிமிர்ந்துவிடுகிறார், ஐயோ போச்சு, இல்லை இல்லை மறுபடி குனிகிறார், அதற்குள் அந்தத் திருட்டுப்பயல் துப்புரவு இறால் வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு ஜாடி வாசலுக்கு வந்துவிட்டான், போடா போடா என்று கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று நான் கையை வீசுகிறேன், டொக்! உதடு சட்டென்று குழாயாக நீண்டது, துண்டைக் காணோம்! துப்பிவிடுவார், துப்பிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், துப்பவே இல்லை, அடுத்தது எங்கே என்று தேடுகிறார், நான் போட்ட கூச்சலில் சோபாவில் கண்ணயர்ந்திருந்த மாமனார் பதறி எழுந்து, "என்ன மாப்பிள்ளை, ஃபோர்-டி லாட்டரி அடிச்சிடுச்சா?" என்கிறார், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "மைசிஸ் தின்னுடுச்சு மாமா!" என்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர், அந்த மனுஷர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்!

இப்போது பம்ப் நின்றாலே போதும், ஜாடி வாசலில் வந்து காத்திருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு கும்மென்று இருக்கிறது. வேளைக்கு வேளை ஊட்ட வேண்டியிருப்பதால் ஊருக்குப் போக முடிவதில்லைதான், யாருக்கு வேண்டும் ஊர்?

இனி எனக்கு ஒரே ஆசை. முதுகின் முதல் முள் உயரமாக நீண்டிருப்பதால் நம்மவர் ஆண். அந்தி மங்கும் நேரத்தில் ஆணும் பெண்ணும் பாறைக்குப் பின்னாலிருந்து ஒட்டிக்கொண்டே மேலே எழும்பி, உச்சியில் முட்டைகளைச் சிதறவிட்டு மின்னலாகக் கீழே பாய்ந்துவிடுமாம். அதை என் தொட்டியில் பார்க்க வேண்டாமா? கடையில் ஒரு பெண் மீனைப் பார்த்து வைத்தாகிவிட்டது. ஃப்ரீசர் தீனி தின்னுமா என்று கேட்டேன், கடைப்பையன் உதட்டைப் பிதுக்கினான். பரவாயில்லை, சமையலறையில் இரண்டாவது பாட்டிலையும் கவிழ்த்துவிட்டேன்!