இரண்டரை நிமிஷச் சாரத்தியம்

பன்னிரண்டடிச் சதுரமான ஓர் அரங்குக்குள் நான்கு யந்திரங்கள் முட்டியும் விலகியும் திரிந்துகொண்டிருக்க, அவ்வரங்கின் ஓரத்தில் கேம்பேடைப் பிடித்தபடி நிற்கும் மாணவர்களின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே, உள்ளே எந்த யந்திரம் சொன்னபடி கேட்கிறது, எது மக்கர் செய்கிறது என்பதை ஒருவர் ஏறக்குறைய ஊகித்துவிடலாம். பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்வது இன்று அதிசயமான விஷயமல்ல. எஸ்.பி. ரோட்டில் மோட்டாரும் வயரும் பேரம் பேசி வாங்கி, பீன்யாவின் பட்டறை ஒன்றில் அலுமினியத் தகட்டை லேசரால் வெட்டுவித்து, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு யந்திரத்தை நடக்கவைப்பதற்கு இந்நகரத்தில் வாய்த்திருக்கும் வசதி எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் யந்திரத்தைச் செய்வது ஒரு வித்தை, அதைக் களத்தில் ஓட்டுவது வேறொரு வித்தை என்பதும், அந்த இரண்டாவது வித்தைக்கென்று தனியே ஒரு குழுவை அமைத்து முன்கூட்டியே ஒரு வியூகத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் நம்மவர் மனத்தில் இன்னும் நன்றாகப் பதியவில்லை. பதிந்த இடங்களிலோ அந்த ஏற்பாடு தனக்கேயுரிய சில தோஷங்களையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

இந்த வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. டீன் கேமன் என்ற புதுப்புனைவாளர் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்து மான்செஸ்டரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களைக் கொண்டு தன் முதல் ரோபோப் போட்டியை நடத்திற்று. எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் தம் மாணவர்களுக்கு நடத்திவந்த வடிவமைப்புப் போட்டியின் சாயல் அதில் இருந்தது. அவ்வமைப்பின் கிளைகளுள் ஒன்றான டெக் சேலஞ்சில் ஓர் ஆட்டத்திற்கு இரண்டரை நிமிஷமே அவகாசம். முதல் 30 விநாடி யந்திரம் தனக்குள் எழுதிவைத்த நிரலைக் கொண்டே இயங்கவேண்டும். ஒருவரும் கேம்பேடைத் தொடலாகாது. மிச்சமுள்ள இரண்டு நிமிஷம் பிள்ளைகள் ஓட்டுவார்கள். சிவப்பு அணிக்கு இரண்டு குழுக்கள், நீல அணிக்கு இரண்டு குழுக்கள். யாரோடு யார் சேர்வது என்பதைத் தகுதிச் சுற்றில் அட்டவணையே தீர்மானிப்பதால், இந்த ஆட்டத்துக் கூட்டாளி அடுத்த ஆட்டத்தில் எதிரியாக நிற்பதுண்டு. ஒரு குழுவில் பதினைந்து பேர் இருந்தாலும் களத்தருகே நிற்க நால்வருக்கே இடம்: ஓட்டுபவர் இருவர், விளையாட்டுப் பொருள்களைக் கையால் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், கோச் ஒருவர். இந்த நால்வரைத்தான் பிள்ளைகள் டிரைவ் டீம் என்கிறார்கள்.

திருவாரூர்த் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இந்தப் பிரிவினையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், வீதிமுனையில் அத்தேர் திரும்புவதும் திரும்பாததும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலருடைய கையில்தான் இருக்கிறது. திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்திக்கொடுத்த பிறகும் அவர்களுக்கு வேலை போய்விடவில்லை. டிரைவ் டீமின் சிறப்பும் இத்தகையதே. முதல் ஓட்டுநர் சக்கரங்களை மட்டும் கவனிக்கிறார். இரண்டாமவர் தூக்கும் கையையும் பற்றும் கொக்கியையும் கவனிக்கிறார். கோச் கேம்பேடைத் தொடவே கூடாது என்று விதி சொல்லுவதால், அவருடைய கண் கடிகாரத்தின்மீதும் மற்ற மூன்று யந்திரங்களின்மீதும் தாராளமாக உலவ முடிகிறது. கையைக் கட்டிப்போட்டுக் கண்ணை அவிழ்த்துவிட்ட இந்த விதியை இயற்றியவர்கள் மனித சுபாவத்தை நன்கறிந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம். கேம்பேடைப் பிடித்திருப்பவனுக்கு உலகம் தன் யந்திரத்தைச் சுற்றி ஓரடி தூரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அவனுக்கு நேரம் ஓடுவது தெரியாது.

வியூகம் வகுப்பதன் பெரும்பயன், எதைச் செய்யாமல் விடுவது என்று தீர்மானிக்கச் செய்வதில் அடங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புதிய விளையாட்டை அறிவித்தவுடன், விதிப்புத்தகத்தில் புள்ளி கிடைக்கும் வழி அத்தனையையும் தங்கள் யந்திரமே செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படாத குழுவே இல்லை. அந்த ஆசையைக் கணக்குத்தான் அடக்குகிறது. ஓட்டும் நேரமான 120 விநாடியில் கடைசி முப்பதை முடிவு வேலைக்கென்று ஒதுக்கிவிட்டால், எஞ்சுவது 90. ஒரு பொருளை எடுத்துச் சென்று சேர்த்துத் திரும்புவதற்கு ஒரு யந்திரம் பத்து விநாடி எடுத்துக்கொண்டு, ஆனால் மூன்று முறைக்கு ஒரு முறை கீழே போட்டுவிடுகிறது என்றும், மற்றொன்று பதின்மூன்று விநாடி எடுத்துக்கொண்டு, ஒருபோதும் தவறவிடுவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது ஒன்பது முறை முயன்று ஆறு முறை வெல்லுகிறது. இரண்டாவதும் ஆறு முறை வெல்லுகிறது. கணக்கில் இரண்டும் ஒன்றே. களத்திலோ முதலாவது கீழே சிந்திய மூன்று பொருள்கள் கூட்டாளியின் பாதையில் கிடக்கின்றன. வேகத்தைக் கண்டு கைதட்டும் பெற்றோர் கூட்டத்துக்கு இது தெரிய நியாயமில்லை. கூட்டாளிக் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதே பாடத்தை இந்நகரம் மிகப்பெரிய விலைகொடுத்துக் கற்றிருக்கிறது. 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலையில் சந்திரயான்-2 விண்கலத்தின் விக்ரம் இறங்குகலம் நிலவில் மோதி அழிந்தபோதும், 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலையில் சந்திரயான்-3 பத்திரமாகத் தரைதொட்டபோதும், பீன்யாவில் உள்ள இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள், இறங்கும் கட்டம் தொடங்கிய பின் கலத்தை ஓட்டவில்லை. அது தானே இறங்கிற்று, அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட நான்காண்டுகளில் நிகழ்ந்த மாறுதலை அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கும்போது, எப்படி வெற்றி பெறுவது என்று யோசித்து வடிவமைப்பதற்குப் பதில், எவையெவை தவறக்கூடும் என்று யோசித்து வடிவமைத்ததாகக் கூறினார். பள்ளிப் போட்டியின் முதல் 30 விநாடியும் இதன் சிறு நிழலே. கூட்டாளியின் யந்திரம் குறுக்கே வந்தால் என்ன, பேட்டரி இறங்கியிருந்தால் என்ன, புறப்படும் இடத்தில் இரண்டு விரற்கடை தள்ளி வைத்துவிட்டால் என்ன என்று முன்னரே கேட்டுக்கொண்ட குழுவின் நிரலும், வீட்டுக் கூடத்தில் ஒருமுறை ஓடிவிட்டது என்ற தைரியத்தில் வந்த குழுவின் நிரலும், களத்தில் முதல் ஐந்து விநாடியிலேயே பிரிந்து தெரிகின்றன.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யந்திரம் ஓட்டுநரை நோக்கித் திரும்பி நிற்கையில் அதன் இடம் அவருக்கு வலம்; ஆகவே கோச் "இடப்பக்கம்" என்று கத்தினால், அது யாருடைய இடப்பக்கம் என்று யோசிப்பதிலேயே ஒரு விநாடி கரைந்துபோகும். யந்திரத்தினுள் திசையறியும் கருவியைப் பொருத்தி, அது எப்படித் திரும்பி நின்றாலும் கேம்பேடின் குச்சியை முன்னே தள்ளினால் களத்தில் முன்னேயே போகும்படி நிரலெழுதுவது ஒரு பரிகாரம். இட வலத்தைக் கைவிட்டு, "நீலச் சுவர்", "நம் மூலை" என்று களத்து அடையாளங்களைச் சொல்லிப் பழகுவது செலவில்லாத பரிகாரம். வீட்டில் நான்கு பாஷை பேசும் பிள்ளைகள் கூடும் பெங்களூர்க் குழுவில் இதற்கு வேறொரு சுவையும் உண்டு. ஆங்கிலத்திலேயே ஆணையிடுவது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் களத்துக்கு வரும் பிள்ளைகள், மோதப்போகும் தருணத்தில் தம்மை மறந்து "நில்லு" என்று கூவிவிடுகிறார்கள். கன்னடத்திலும் அது நில்லு, தமிழிலும் நில்லு.

இனி தோஷங்களுக்கு வருவோம். கோச் நிற்கும் அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவும் விதி இடங்கொடுக்கிறது. இதே அமைப்பு சிறுவர்களுக்கு நடத்தும் லெகோ போட்டியில் மேஜையருகே பெரியவர்களுக்கு வேலையில்லை. வயதில் மூத்த பிள்ளைகளின் போட்டியில் அவர்களை அனுமதித்திருப்பது எனக்கு விநோதமாகவே படுகிறது. நம் நாட்டில் பெரியவருக்கு இடங்கொடுத்தால் அவர் நிற்கமாட்டார், ஆள்வார். நான் பார்த்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், கோச்சாக நின்ற தந்தை ஒருவர் இரண்டு நிமிஷமும் தம் மகனைத் திட்டிக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் சொன்ன யோசனை, உள்ளபடியே, சரியான யோசனை. பையன் அதைக் கேட்கவில்லை.

எனக்கு அப்போது சல்லியன் ஞாபகம் வந்தது. பாரதப்போரின் பதினேழாம் நாள் கர்ணனுக்குத் தேரோட்ட வந்த மத்திர தேசத்து மன்னன், தருமனுக்குக் கொடுத்த வாக்கின்படி, வழியெல்லாம் கர்ணனை இழித்துப் பேசி அவன் ஊக்கத்தைக் குலைத்துக்கொண்டு வந்தான். ஆனால் நாகாஸ்திரத்தைக் கர்ணன் தொடுத்தபோது குறியை மாற்று என்று சொன்னவனும் அதே சல்லியன்தான். அந்த ஒரு யோசனை நல்ல யோசனை. ஒரு முறை வைத்த குறியை மாற்றேன் என்று கர்ணன் மறுத்தான். எதிர்ப்புறத்துச் சாரதி தேரை மண்ணில் அழுத்தினான். அம்பு முடியோடு போயிற்று. கர்ணன் மறுத்ததற்கு அவன் வீரச்செருக்கையே எல்லோரும் காரணம் கூறுவர். நாளெல்லாம் ஏசிய வாயிலிருந்து வந்த ஆலோசனையை ஆலோசனையாகக் கேட்க எந்தக் காதினால் முடியும் என்பதையும் கூடவே கேட்கலாம். ஒரு குழுவின் கணக்கும் ஒத்திகையும் வியூகமும் எவ்வளவு சிறந்தவையாயினும், களத்தில் அவை அத்தனையும் ஒரே ஒரு குரலின் வழியாகத்தான் ஓட்டுநரைச் சென்றடைகின்றன. அந்தக் குரலின்மீது நம்பிக்கை இல்லாவிட்டால் எல்லாம் வியர்த்தம்.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஒழுங்காக இல்லை. யந்திரத்தை அதிகமாகச் செய்தவனுக்கு ஓட்டும் உரிமையைப் பரிசாகக் கொடுப்பது ஒரு வழக்கம். வீட்டில் பிளேஸ்டேஷன் உள்ள பையனுக்கு விரல் பழகியிருக்கிறது என்று கொடுப்பது மற்றொரு வழக்கம். பெண்பிள்ளைகளிடம் நோட்புக் எழுதும் வேலை போய்ச் சேருவதைப் பல குழுக்களில் காண்கிறேன். ஐந்து ஆட்டம் கொண்ட ஒரு போட்டி நாளில் ஓட்டும் நேரம் மொத்தம் பத்து நிமிஷம். மாதக்கணக்காக உழைத்த பதினைந்து பேரில் பதின்மூவருக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் கேம்பேடைத் தொட வாய்ப்பில்லை. திறமையாளர் இருவரைத் தொடக்கத்திலேயே நிர்ணயித்து அவர்களுக்கே அப்பியாசம் முழுவதையும் தருவது வெற்றிக்கு உகந்த வழிதான், மறுப்பதற்கில்லை. கல்விக்கு உகந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த அப்பியாசமாவது கிட்டுகிறதா என்றால், அதுவும் அரிது. 2016-இல் தொடங்கிய அடல் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஆய்வுக்கூட மானியம் கிடைக்கும். பன்னிரண்டடிச் சதுரத்தை மூன்று மாதம் விரித்தபடியே வைத்திருக்க ஓர் அறை கிடைக்காது. மார்ச்சில் பொதுப் பரீட்சை வேறு காத்திருக்கிறது. யந்திரம் முடிவது போட்டிக்கு முந்தைய இரவில். ஓட்டுநர் முதன்முறையாக அதை ஓட்டிப்பார்ப்பது களத்தில்.

பிற குழுக்களை நோட்டமிடும் ஸ்கவுட்டிங் என்ற வேலையில் வேறொரு மயக்கம் நிலவுகிறது. அணிகளின் மொத்தப் புள்ளியிலிருந்து தனித்தனிக் குழுவின் பங்கைச் சமன்பாடுகளால் பிரித்தெடுக்கும் ஓ.பி.ஆர். என்ற கணக்கைப் பிள்ளைகள் வேதவாக்காகக் கொள்கிறார்கள். 24 குழுக்கள் தலைக்கு இரண்டு ஆட்டம் ஆடி முடித்த நிலையில் கையிலிருப்பது 24 சமன்பாடு. கண்டுபிடிக்க வேண்டியதும் 24 எண்கள். அந்நிலையில் ஒரு யந்திரத்தின் வயர் கழன்றதுகூடக் கூட்டாளியின் கணக்கில் குறையாக ஏறிவிடும். களத்தோரம் நின்று, எந்த யந்திரம் எத்தனை முறை தவறவிட்டது என்று பென்சிலால் கோடுபோடும் பிள்ளை அந்தக் கட்டத்தில் கணிப்பொறியைவிட அதிகம் அறிந்திருக்கிறாள். விதியே வியூகத்தைக் கோணலாக்குவதும் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஃபர்ஸ்டின் பெரிய போட்டியில், தோற்ற அணிக்கும் வென்ற அணியின் புள்ளியையே தரவரிசைக்குக் கொடுத்தார்கள். களத்தில் ஆடும் இரு அணிகளின் ஆறு யந்திரங்களும் ஒரே பக்கத்துக்குக் கோல் போட்டால் எல்லோருக்கும் லாபம் என்று சில குழுக்கள் கண்டுகொண்டன. பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள். விதிப்புத்தகத்தை நன்றாகப் படித்ததைத் தவிர அப்பிள்ளைகள் செய்த குற்றம் யாதென்று எனக்கு விளங்கவில்லை.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் சொல்லக்கூடிய யோசனை எளியது. குழுவில் உள்ள அனைவரும் ஒரே பாதையை ஐந்து முறை ஓட்டவேண்டும். ஒவ்வொருவருடைய மிகச்சிறந்த நேரத்தை விட்டுவிட்டு, மிகமோசமான நேரத்தை ஒப்பிட்டு, அதில் முந்துபவரை எடுக்கவேண்டும். களத்தில் ஒருவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் அவருடைய மோசமான ஓட்டமே. சென்ற டிசம்பரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு கார்கள் வெளியே போயிருந்த இடத்தில், ஒரு குழு இதைச் செய்துபார்த்தது. தரையில் டேப் ஒட்டிச் சதுரம் அமைத்தார்கள். ஒரு பக்கம் தூண் இடித்ததால் அது பதினோரடியாகக் குறைந்துபோயிற்று. முடிவில் நோட்புக் எழுதிவந்த பெண்ணே முந்தினாள். அவளுடைய ஐந்து நேரங்களும் இரண்டு விநாடி வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. எல்லோரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். கேம்பேடை வாங்கிக்கொள்வதற்கு முன் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"கோச்சா யார் நிக்கப்போறாங்க?"