கத்தோலிக்கர் வாக்கும் கட்சிப் பற்றும்

தேர்தல் நெருங்குந்தோறும், ‘கத்தோலிக்கர் வாக்கு இன்ன கட்சிக்கே’ என்று கணக்கிட்டுக் கூறுவோர் உளர். ஒரே கோயிலில் கூடுவோர் ஒரே சின்னத்திற்கு வாக்களிப்பர் என்பது அன்னார் துணிபு. அது வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்தல் நலம்.

அவர்கள் பெரிதும் காட்டும் சான்று கேரளம். 1957 ஏப்ரலில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அங்குக் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. அவ்வாண்டு வந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரில் சம்பளம் அளிக்க வழி செய்தது. ஆசிரியர் நியமனத்தில் நிருவாகத்தின் உரிமையைக் குறைத்தது. பள்ளிகள் பலவற்றை நடத்திவந்த கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. ‘விமோசன சமரம்’ மூண்டது. 1959 சூலை 31-இல் மத்திய அரசு அவ்வாட்சியைக் கலைத்தது. 1960 தேர்தலில் காங்கிரசுக் கூட்டணி வென்றது.

இவ்வளவில் நின்றால், ‘ஆயர் சொன்னார், மக்கள் செய்தனர்’ என்று முடித்துவிடலாம். ஆயின் அம்முடிவைத் தடுக்கும் செய்திகள் மூன்று உண்டு. மசோதாவைக் கொணர்ந்த கல்வி அமைச்சர் சோசப் முண்டசேரி, மலையாளத் திறனாய்வாளர், பிறப்பால் கத்தோலிக்கர். போராட்டத்தின் முன்னணியில் நின்ற மன்னத்து பத்மநாபனோ நாயர் சர்வீஸ் சொசைட்டியை நிறுவியவர். மூன்றாவது செய்தி இன்னும் வலியது. 1964-இல் காங்கிரசிலிருந்து பிரிந்து கேரள காங்கிரசு தோன்றியது. மத்திய திருவிதாங்கூர்க் கத்தோலிக்க உழவர் பலர் அதன்பாற் சென்றனர். அதில் ஒரு பிரிவின் தலைவரான கே. எம். மாணி 1980-இல் மார்க்சியரான நாயனாரின் அமைச்சரவையில் இடம்பெற்றார். அப்பிரிவு 2020-இல் மீண்டும் இடது முன்னணியிற் சேர்ந்தது. அன்றைய பகைவர் பின்னர்த் தோழராயினர்.

இதனால் விளங்குவது யாது? பற்று கட்சியின்மேல் அன்று. பள்ளியின்மேலும் நிலத்தின்மேலும் ரப்பர் விலையின்மேலுமே ஆகும். இவற்றுக்கு ஊறு நேரும் என அஞ்சியபோது திருச்சபையின் சொல் வலிமை பெற்றது. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அவ்வச்சம் நீங்கியதும் வாக்கு வேறு வழி சென்றது.

மலாக்காவின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். அங்கே கத்தோலிக்கர் பலர் ரப்பர்க் காணிக்கு உரியவர். இங்கே தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் கத்தோலிக்கர் கூலி பெற்றவர். சமயமும் ஒன்று, மரமும் ஒன்று. விலை ஏற்றம் வேண்டுவோர் வேறு, கூலி உயர்வு வேண்டுவோர் வேறு. மேலும், பாச்சாங் முதலிய இடங்களை உள்ளடக்கிய மலாக்கா நகர வட்டாரத்தில் தமிழரும் சீனரும் போர்த்துக்கீசிய வழியினரும் ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிடுவர். கோயிலுக்கு வெளியே ம.இ.கா.வும் ம.சீ.ச.வும் இனவழியாக அவர்களை அழைத்தன. போர்த்துக்கீசிய வழியினரான பெர்னார்டு சாந்தா மரியாவோ ஜனநாயக செயல் கட்சியின் சார்பில் மலாக்காச் சட்டமன்றத்தில் அமர்ந்தார்.

ஆதலின், ‘கத்தோலிக்கர் எந்தக் கட்சியினர்?’ என்னும் வினாவே பிழையுடையது. ‘இவ்வாக்காளர் எதனைக் காக்க விரும்புகின்றனர்?’ என வினவுதலே முறை. முன்னைய வினா மக்களை எண்ணிக்கையாகக் காண்கிறது. பின்னையது அவர்களைச் சிந்திப்பவராக மதிக்கிறது. குடியாட்சியை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை உணர்த்துதல் கடன்.