கீர்கங்காவில் எப்போது கரையேறுவது?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் குளம் புதிதல்ல. முதல் படியில் கால் வைத்ததும் உடம்பு சிலிர்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டால் பழகிவிடும். வெந்நீர் ஊற்று இதற்கு நேர்மாறு: இறங்குவது சுகம், ஏறுவதுதான் கஷ்டம்.

கீர்கங்கா இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 2,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகேயன் தவமிருந்த மலை என்கிறார்கள் அங்குள்ளவர்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடிய குமரகோட்டம் எங்கள் ஊரில் இருப்பதால், அந்த மலையில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நானே வைத்துக்கொண்டேன்.

போகிற வழியில் மணிகரணில் ஒரு வேளை சாப்பிடுங்கள். குருத்வாராவில் அரிசியைத் துணியில் மூட்டை கட்டி ஊற்றில் இறக்கியே வேகவைக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றின் சூடு அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சுற்றுவட்டாரத்தில் எரிமலை எதுவும் கிடையாது. பனியும் மழையும் பாறை வெடிப்புகளில் ஆழ இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகின்றன, அவ்வளவுதான்.

பார்ஷைனியோடு வண்டிப் பாதை முடிகிறது. அங்கிருந்து நக்தான் கிராமம் வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர் நடை. மழைக்காலத்தில் வேண்டாம். மற்ற நாட்களில் குதிரை, குறுக்குவழி என்று தேடாமல் நடந்துவிடுங்கள். முழங்கால் கெஞ்ச வேண்டும், வியர்த்த சட்டை முதுகில் சில்லிட வேண்டும். பசித்து வந்தவனுக்குத்தானே கோயில் இட்லி ருசிக்கிறது?

மேலே ஆண்களுக்குத் திறந்த தொட்டி, பெண்களுக்குச் சுவர் வைத்த தனித் தொட்டி. சோப்பு கூடாது. மெட்டி, வெள்ளிக் கொடியைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஊற்று நீரிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஜரிகையில் தங்கப் பூச்சுக்கு அடியில் இருப்பது வெள்ளிதான் என்பதால், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்தக் கவலை தெரியும்.

தொட்டியில் பாய்ந்து குதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பட்டுக்குச் சாயம் போடுகிறவர் வெந்நீரை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாரே, அப்படித் தொடங்குங்கள். கணுக்கால் வரை இறங்கி நில்லுங்கள். சுடுகிறது என்று கால் சொல்வதை நிறுத்தியதும் முழங்கால், பிறகு இடுப்பு. கழுத்தளவு உட்கார்ந்த பின் பேச்சு வேண்டாம். முகத்தில் பனிக்காற்று, தோளுக்குக் கீழே கொதி; ஒரே உடம்பில் இரண்டு பருவம்.

முதல் நாள் நான் நேரம் போனது தெரியாமல் ஊறிக் கிடந்தேன். சட்டென்று எழுந்ததும் கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் சால்வையை என் தோளில் போட்டார். மறுநாள் விடியலில் பத்தே நிமிடம். இன்னும் கொஞ்சம் என்று மனசு கேட்கும்போதே எழுந்து, உடனே துவட்டாமல் நின்றேன். கைகளிலிருந்து ஆவி கிளம்பி, எதிர்ச் சரிவின் பனியை ஒரு கணம் மறைத்தது.