பக்கத்துக்கு இரண்டு பாட்டு

அணிக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கிற நான்கு பேரின் ஆட்டம் எப்படி மாறுகிறது? திருகோணமலையின் மக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் நடக்கிற உதைபந்தாட்டங்களை வைத்து இந்தப் பத்தி வழக்கமாக அலசுகிற கேள்வி இது. மைதானங்கள் ஓய்ந்திருக்கிற இந்த வாரம், அதே கேள்வியை ஒரு ரொக் குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம். குழுவின் பெயர் 'தி கெட் அப் கிட்ஸ்'. ஊர், அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கன்சாஸ் சிற்றி. எடுத்துக்கொள்ளும் ஆட்டம், 1999இல் வெளிவந்த 'ரெட் லெட்டர் டே' என்ற ஐந்து பாட்டுத் தட்டு. முழுவதும் கேட்டு முடிக்க இருபது நிமிடம்கூட ஆகாது. உதைபந்தாட்டத்தில் அது ஒரு பாதியாட்டத்தின் பாதி நேரத்துக்கும் குறைவு.

கன்சாசுக்கும் திருகோணமலைக்கும் என்ன முடிச்சு என்று கேட்பீர்கள். ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பழைய அணியைப் பார்ப்போம். 1995இல் தொடங்கிய குழு. மட் பிரையர் பாடுவார், கிற்றாரும் வாசிப்பார். ஜிம் சப்டிக் இரண்டாவது கிற்றார். பேஸ் கிற்றாரில் ரொப் போப், டிரம்ஸில் அவருடைய சகோதரர் ரயன் போப். இந்த நால்வரும் 1997இல் 'ஃபோர் மினிட் மைல்' என்ற முதல் இசைத்தட்டைச் சிக்காகோவில் இரண்டே நாளில் ஒலிப்பதிவு செய்தார்கள். ரயன் அப்போது பள்ளிக்கூடப் பொடியன். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் அவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு சிக்காகோவுக்கு ஓடினார்கள். தட்டைக் கேட்டால் அந்த அவசரம் முழுவதும் அதில் இருக்கிறது. குரல் உச்சத்தில் கிழிகிறது, இரண்டு கிற்றாரும் ஒரே இடத்துக்கு முட்டி மோதுகின்றன. மெட்டு நல்ல மெட்டுத்தான், ஆனால் அது கூட்டத்துக்குள் அகப்பட்டு மூச்சுத் திணறுகிறது. இப்படி எல்லோரும் பந்தின் பின்னால் ஓடுகிற அணியை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பார்க்க உற்சாகமாக இருக்கும். நடுக்களத்தில் மட்டும் ஆள் இருக்காது.

அந்த வெற்றிடத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் டூயீஸ். அவர் அதுவரை கீபோட் கலைஞராகப் பெயர் எடுத்தவரல்ல. கோவலெஸ் என்ற, காது கிழியும் ஹார்ட்கோர் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். இந்த விபரத்தைத் தெரிந்துகொண்டு 'ரெட் லெட்டர் டே'யைக் கேட்டால் பல விஷயங்கள் பிடிபடும். அவர் இரண்டு கையையும் பரப்பிச் சுரக்கட்டுகளை அடுக்கி இடத்தை அடைப்பதில்லை. பெரும்பாலும் ஒற்றைச் சுரமாக நடக்கிற சின்ன ஓட்டம் ஒன்றைப் பிடிக்கிறார், அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். குரல் ஓயும் இடத்தில் முன்னே வருகிறார், குரல் எழும்பினால் ஒதுங்கிவிடுகிறார். தாளக்காரனுடைய புத்தி அது. எங்கே அடிக்கக்கூடாது என்பதை முதலில் படித்தவர்கள் அவர்கள்.

விளைவு, கீபோட்டில் தெரிகிறதைவிடக் கிற்றார்களில்தான் அதிகம் தெரிகிறது. மெட்டின் ஒரு பங்கை இன்னொருவர் சுமந்துகொண்டதும் கிற்றார்காரர்கள் இருவருக்கும் கை இளகிவிட்டது. ஒருவர் தாளத்தோடு நிற்கிறார், மற்றவர் இடையிடையே வெட்டுகிறார். பிரையரின் குரலும் கத்தலைக் குறைத்துக்கொண்டு பாட்டுக்குள் வந்து இறங்குகிறது. அதே மனிதர், அதே ஆண்டுகளின் கோபம். இப்போது சொல் கேட்கிறது.

தட்டின் கடைசிப் பாட்டு 'மாஸ் பைக்'. மசசூசெட்ஸ் மாநிலத்தின் நெடுஞ்சாலை ஒன்றின் பெயர் அது. அந்தப் பாட்டைக் கீபோட்தான் கூட்டிக்கொண்டு போகிறது, மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள். முதல் நான்கு பாட்டிலும் உதவி ஆட்டக்காரராக நின்றவருக்கு ஐந்தாவதில் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. இதே 1999 செப்டெம்பரில் வேக்ரன்ட் நிறுவனத்துக்காக இவர்கள் செய்த 'சம்திங் டு ரைட் ஹோம் எபவுட்' என்ற முழுநீள இசைத்தட்டுத்தான் புகழ் தேடிக் கொடுத்தது. சிறிய தட்டின் தலைப்புப் பாட்டையே அதில் மறுபடி ஒலிப்பதிவு செய்து சேர்த்தார்கள். மெருகு கூடியது, சத்தம் பெருத்தது. எல்லோரும் அந்தப் பெரிய தட்டைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அணி தன் அமைப்பைக் கண்டுபிடித்த ஆட்டம் சிறியதில்தான் இருக்கிறது. பெரியது, கண்டுபிடித்ததை வைத்து ஆடிய தொடர்.

இந்த வகை இசைக்கு 'எமோ' என்று பெயர். 1985ஐ ஒட்டி வொஷிங்டன் நகரத்து ஹார்ட்கோர் குழுக்கள் சில, அரசியல் கோபத்தோடு சொந்த மனக்குமைச்சலையும் மேடையில் கொட்டத் தொடங்கியபோது வந்த பெயர். அந்தக் குழுக்களே அதை விரும்பவில்லை. தொண்ணூறுகளில் அது நடு அமெரிக்காவின் கல்லூரி ஊர்களுக்கு இடம் மாறி, மெட்டுக்குப் பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கண்மையும் நெற்றியில் விழும் முடியுமாகச் சந்தைக்கு வந்தது. 2009இல் ஜிம் சப்டிக், இன்றைய எமோவுக்கு நாங்கள்தான் காரணம் என்றால் மன்னித்துவிடுங்கள் என்ற கருத்தில் பேசி அதுவும் ஒரு செய்தியானது. பிரிவாற்றாமைக்குப் பாட்டுக் கட்டினால் அதற்குத் தனிப் பெயர் வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எவருக்கும் தோன்றியதில்லை. இங்கே பாட்டு என்றாலே பாதி அதுதானே.

இப்போது முடிச்சுக்கு வருவோம். ஈழத்தில் தமிழ்ப் பாட்டை முதன்முதலில் இசைத்தட்டாகக் கொண்டுவந்தவர் என்று எம்.பி. பரமேஷின் பெயரைத்தான் சொல்வார்கள். திருகோணமலைக்காரர். அவரும் சகோதரர் கோணேஷும் சேர்ந்து நடத்திய குழு 'பரமேஷ் கோணேஷ்' என்றே அறியப்பட்டது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வானொலி கேட்டு வளர்ந்த எவரிடமும் 'உனக்குத் தெரியுமா' என்ற பாட்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், மீதியை அவர்களே பாடிவிடுவார்கள். காதலியை நினைத்து ஏங்குகிற பாட்டு, சினிமாவுக்கு எழுதப்படாத பாட்டு, சொந்த ஊர்ப் பொடியன்கள் கட்டிய மெட்டு. கன்சாஸ் குழுவிலும் ஒரு சகோதர சோடி உண்டு என்பதை இங்கே நினைவுபடுத்தினால் போதும். ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்கத் தேவையில்லை.

திருகோணமலையில் ஏன் இது நடந்தது? துறைமுகம், வெள்ளைக்காரக் கப்பற்படை, பாலையூற்றுப் பறங்கியரின் வயலின் என்று ஒரே மூச்சில் காரணம் சொல்லி முடிப்பது வழக்கம். ஓரளவுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் பிரித்தானியக் கப்பற்படை 1957இலேயே போய்விட்டது. சகோதரர்களின் தட்டு வந்தபோது துறைமுகத்தில் அந்த வாத்தியக் கோஷ்டிகள் இல்லை. வீட்டுக்கு வீடு இருந்தது வானொலிப் பெட்டி. 1967இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலி, உள்ளூர் மெல்லிசைக்கு நேரம் ஒதுக்கத் தொடங்கிய காலமும் அதுவே. யாழ்ப்பாணப் பக்கத்தில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலாத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆட வைத்தார்கள். திருகோணமலைச் சகோதரர்கள் ஆட வைக்க முயலவில்லை. மெட்டை நம்பினார்கள். 'மெல்லிசை மன்னர்' என்று பரமேஷுக்கு ரசிகர்கள் பட்டம் கொடுத்தது சும்மா இல்லை. பிற்காலத்தில் அவர் புலம்பெயர்ந்தார். மகள் பிரபாலினி பிரபாகரனும் பாடகியாகப் பெயர் எடுத்தார்.

அந்தக் காலத்துத் தட்டின் நிமிடக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் விதியே அதுதான். ஏழு அங்குல அகலம், நிமிடத்துக்கு 45 சுற்று. அமெரிக்காவின் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 1949இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. 1952இல் அதே அளவுத் தட்டில் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டிப் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடக்கினார்கள். அதுதான் ஈபி. தமிழ்ச் சினிமாப் பாட்டுகள் பல்லாண்டு காலம் நான்கு நான்காக வீட்டுக்கு வந்தது இந்த வடிவத்தில்தான். ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் ஏழு நிமிடம். அதற்கு மேல் திணித்தால் பள்ளம் ஒடுங்கும், சத்தம் குறையும். ஊசி நடுப்பகுதியை நெருங்க நெருங்க அதன் கீழே ஓடுகிற தூரம் சுருங்குவதால் ஒலி மங்கும். அதனால் இரண்டாவது பாட்டின் உச்சக் கட்டம் எப்போதும் பாதகமான இடத்தில்தான் விழும்.

இப்படிப்பட்ட மைதானத்தில் நீண்ட முன்னிசைக்கும், இடையிசையில் ஒவ்வொரு வாத்தியமாக வந்து வணக்கம் சொல்லிப் போவதற்கும் இடம் கிடையாது. பல்லவி சீக்கிரம் வரவேண்டும். சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். எது மெட்டுக்குத் தேவை, எது வாசிக்கிறவருடைய ஆசை என்று ஒலிப்பதிவுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். 1999இல் குறுந்தட்டும் வந்து எழுபது நிமிடத்துக்கு மேல் தாராளமாகக் கிடைத்த காலத்தில், கன்சாஸ் குழு இருபது நிமிடத்துக்குள் நின்றது அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களாகவே போட்டுக்கொண்டதால். எங்கள் சகோதரர்களுக்குத் தட்டே அதைப் போட்டுக் கொடுத்தது. இரண்டு வழியிலும் பயன் மெட்டுக்குத்தான்.

இன்றைய எங்கள் கோஷ்டிகளின் ஆட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. இலங்கைத்துறை முகத்துவாரம் போல, களப்பும் கடலும் சேர்கிற ஒரு தென்கோடிக் கிராமத்தில் திருவிழா என்று வையுங்கள். ஒரு காலத்தில் ரவுனிலிருந்து அங்கே கோஷ்டி போவதென்றால் வாத்தியப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படகுப் பாதையில் ஏற்றி இறக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. பயணம் இலேசானபோது கூடுதல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. டிரம்ஸும் பேஸும் வீட்டில் நின்றுவிட்டன, ஓகன் மட்டும் போகிறது.

மேடையில் அந்த ஓகன்காரரைக் கவனித்திருப்பீர்கள். இடது கை ஒரு சுரக்கட்டைப் பிடித்தால் பெட்டிக்குள்ளிருந்து டிரம்ஸ், பேஸ், கிற்றார் எல்லாம் தானாக ஓடும். சரணம் முடிகிற இடத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் டிரம்ஸ் உருட்டல் வரும். பாடகிக்குச் சுருதி எட்டவில்லை என்று கண்ணால் சாடை காட்டினால், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பொத்தானில் அரைச் சுரம் இறக்குவார். புல்லாங்குழலும் அவர், வயலினும் அவர், நாதஸ்வரமும் அவர். இந்த மனிதரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சுருதி மாற்றத்தை அவ்வளவு நாசூக்காகச் செய்ய எத்தனையோ வருடப் பழக்கம் வேண்டும். ஆனால் பதினொரு பேரின் இடத்திலும் ஒருவரே ஓடினால் அது அணியில்லை. டூயீஸ் ஒதுங்கியதால் மற்ற நால்வருக்கும் இடம் கிடைத்தது. எங்கள் ஓகன்காரர் ஒதுங்கினால் மேடையில் சத்தமே நின்றுவிடும். ஒதுங்கும் வசதியை அவருக்கு எவரும் கொடுக்கவில்லை.

மேடையைத் திருத்த முடியாது என்பது தெரியும். திருவிழாச் சபையினருக்கு விடியும்வரை நிகழ்ச்சி வேண்டும், அதையும் மூன்று பேர் சம்பளத்தில் வேண்டும். தட்டில் செய்யலாம். இந்த மாவட்டத்தில் சொந்தமாக மெட்டுக் கட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பாட்டாக, வீடியோவோடு, பிறந்தநாள் வாழ்த்துப் போல வெளியிட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். தனிப்பாட்டில் ஒரு குழுவின் அமைப்புத் தெரியாது, ஒரு கோலைப் பார்த்து அணியை மதிப்பிட முடியாதது போல. பன்னிரண்டு பாட்டுக்குக் கையில் காசும் இல்லை, அத்தனை நல்ல மெட்டும் இராது. நான்கு பாட்டு சரியான அளவு. தாளப் பொத்தானை அணைத்துவிட்டு, டிரம்ஸ் தெரிந்த ஒரு பொடியனையும் பேஸ் பிடிக்கிற ஒருவரையும் கூப்பிட்டு, ஓகன்காரரிடம் ஒற்றைக் கையால் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்றில் அவர் பின்னால் நிற்கட்டும். நான்காவதை அவர் நடத்தட்டும்.