துருவ மான் லைக்கன்

நிலத்தடி உறைபனி எனப்படும், ஆண்டு முழுவதும் உருகாத அடிமண்ணையும் சில வாரங்களே நீடிக்கும் கோடையையும் கொண்டு, மரங்களுக்கு இடந்தராத தூந்திரப் பிரதேசத்தின் உண்மையான அழகு, எளிதில் கண்ணில் படாத ஒரு சிற்றுயிரிடம் உள்ளது எனலாம். துருவ மான் லைக்கன் எனப்படும் அது, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிரியாகும். பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரிக்க, பூஞ்சை அதற்கு உறைவிடமும் ஈரமும் அளிக்கிறது. சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், கிளைக்குள் கிளையாகப் பிரிந்து, நுனிகள் ஒரு பக்கமாகவே வளைந்திருக்கும் அதன் நுண்ணிய அமைப்பு, தேர்ந்த பொற்கொல்லரின் கம்பி வேலைக்கு ஈடானது. உலர்ந்த நிலையில் காலடி பட்டாலே நொறுங்கும் அது, சிறு தூறல் விழுந்ததும் நீரை உறிஞ்சி மென்மையாகிவிடுகிறது.

வேரில்லாததால் நீரையும் தாதுக்களையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே பெறும் அது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. குளிர்காலத்தில் துருவ மான்கள் பனியைக் குளம்பால் தோண்டித் தேடியுண்ணும் முதன்மை உணவு இதுவே. 1944இல் அலாஸ்காவின் புனித மத்தேயு தீவில் விடப்பட்ட 29 மான்கள், அங்கு அடர்ந்து படர்ந்திருந்த லைக்கனை மேய்ந்து 1963இல் சுமார் 6,000ஆகப் பெருகின. அது தீர்ந்துபோக, கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, 1966இல் எஞ்சியவை 42 மட்டுமே. 1986இல் செர்னோபில் அணுஉலை விபத்தில் காற்றில் பரவிய சீசியத்தையும் லைக்கன் உறிஞ்சிக்கொண்டதால், ஸ்வீடன், நார்வே நாடுகளின் சாமி இன மேய்ப்பர்கள் வளர்த்த மான்களின் இறைச்சி பெருமளவில் உண்ணத் தகாததாயிற்று. மேய்ந்தழிந்த லைக்கன் பரப்பு மீண்டும் முழுமையாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.