ஒப்புக்கொள்ளுதலின் விலை

'பேரம்' என்ற சொல்லைச் சட்டமே கூச்சமில்லாமல் உச்சரிக்கும் இடம் ஒன்றுண்டு. அமெரிக்கக் குற்றவியல் நீதிமன்றங்களின் 'பிளீ பார்கெயினிங்', அதாவது குற்ற ஒப்புதல் பேரம். ஜூரி, சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை என்று ஹாலிவுட் நமக்குக் காட்டிவரும் விசாரணை அங்கே அபூர்வம். ஃபெடரல் நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் எழுதியது.

பேரம் என்றால் படியாதபோது எழுந்துபோக முடியவேண்டும். கெண்டக்கி மாநிலத்தின் பால் ஹேய்ஸ் அப்படி எழுந்துபோனவர். 88 டாலர் 30 செண்ட்டுக்கான போலிக் காசோலை வழக்கு. சட்டப்படி 2 முதல் 10 ஆண்டு. அரசு வழக்குரைஞர் சொன்னதை நம்ம பேச்சில் போட்டால் இப்படி வரும்: ஒத்துக்கிட்டு கோர்ட்டுக்கு வேலையை மிச்சம் பண்ணு, அஞ்சு வருஷம் கேக்குறேன், இல்லேன்னா உன் பழைய ரெண்டு தண்டனையையும் சேர்த்துத் தொடர் குற்றவாளிச் சட்டத்துல போடுவேன். அந்தச் சட்டத்தில் ஆயுள் தண்டனை கட்டாயம். ஹேய்ஸ் விசாரணை கேட்டார். ஆயுள் கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதைச் சரி என்றது. ஏற்கவும் மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததாம். ஆகவே இது கொடுக்கல் வாங்கல்தானாம், பழிவாங்கல் ஆகாதாம்.

இந்த இடத்தை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. காசோலைக்கு ஐந்து வருடம் போதும் என்று சொன்னது அரசேதான். ஆயுளில் அந்த ஐந்தைக் கழித்தால் வரும் மிச்சம் எதற்கான தண்டனை? விசாரணை கேட்டதற்கு.

சட்ட வரலாற்றாளர் ஜான் லாங்பெயின் அதே 1978இல் இம்முறையைப் பழைய ஐரோப்பியச் சித்திரவதையோடு ஒப்பிட்டார். நேரில் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும், இல்லையேல் வாக்குமூலம் வேண்டும் என்று நிரூபணத்துக்குக் கடுமையான விதி. அதை நிறைவேற்ற முடியாதபோது வாக்குமூலத்தைப் பிழிந்தெடுத்தார்கள். ஜூரி விசாரணையும் பாதுகாப்புகளால் கனத்து, அன்றாடம் நடத்த முடியாததாகிவிட்டது என்கிறார். சித்திரவதையில் சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் 'சுயமாக'த் திரும்பச் சொல்லியாக வேண்டும் என்ற விதி ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

லாங்பெயினோடு ஓரிடத்தில் மட்டும் முரண்படுகிறேன். சித்திரவதைக்காரன் சொல்லப்பட்ட விவரம் உண்மையா என்று தேடிப்போகவேனும் கடமைப்பட்டிருந்தான். பேரத்துக்கு அதுகூட வேண்டியதில்லை. வட கரோலினாவின் ஹென்றி ஆல்ஃபோர்ட், 'நான் கொல்லவில்லை, மரண தண்டனைக்குப் பயந்தே ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொருளில் நீதிமன்றத்திலேயே சொன்னார். அரசுத் தரப்பு ஆதாரம் வலுவாக இருப்பதால் இந்த ஒப்புதல் செல்லும் என்றது 1970ஆம் ஆண்டுத் தீர்ப்பு. (அவ்வளவு வலு என்றால் விசாரணையையே நடத்தியிருக்கலாமே!) 30 ஆண்டு தண்டனை, 1975இல் சிறையிலேயே இறந்தார்.

இந்தியாவிலும் 2006 ஜூலையிலிருந்து இது சட்டம்; 2024இல் வந்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது, பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குக் கிடையாது என்று வரம்புகள் உண்டு. வழக்குத் தேக்கம் குறையுமே என்று மனித உரிமை பேசும் நண்பர்களே சொல்கிறார்கள். ஆனால் இங்குள்ள சிறைவாசிகளில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். இவர்களிடம் அரசு வழக்குரைஞர் ஆயுள் தண்டனையைக் காட்டி மிரட்டத் தேவையில்லை, வாய்தாவே போதும். ஒத்துக்கிட்டா உள்ளே இருந்த நாளைக் கழிச்சு விட்டுடுவாங்க. இல்லேன்னா அடுத்த வாய்தா, அதுக்கடுத்த வாய்தா.

சுயமாகத்தான் மனுப் போட்டாரா என்று நீதிபதி மூடிய அறையில் தனியாகக் கேட்டறிய வேண்டும் என்கிறது சட்டம். லத்திக் காயம் தேடிப் பழகிய நம் உண்மை அறியும் குழுக்களுக்கு அந்த அறையில் படமெடுக்க ஒன்றும் கிடைக்காது. எத்தனை மாதம் உள்ளே இருந்த பிறகு ஒருவர் மனுப் போட்டார் என்ற ஒரே கணக்கையாவது வழக்குவாரியாக எடுக்கத் தொடங்கலாம்.