'பர்ன்' பொத்தான் சொல்லாமல் விட்டது

2001ல் ஆப்பிளின் ஐடிவிடி வந்தது. சில வருஷம் கழித்து விஸ்டாவின் சில பதிப்புகளோடு விண்டோஸ் டிவிடி மேக்கர் வந்தது. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: வீடியோவை இழுத்துப் போடு, டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடு, 'பர்ன்' அழுத்து. வீட்டிலேயே டிவிடி தயார்! சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவை எதையாவது கற்றுக்கொடுத்தனவா? இல்லை என்பதே என் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இதில் 1 மணி நேரப் படம் ஏற்றினால் நொடிக்கு சுமார் 10 மெகாபிட் கிடைக்கும். 2 மணி நேரம் என்றால் 5. நம்ம வீட்டுக் கல்யாண கேசட் ஈ-180 ஆக இருந்தால் 3 மணி நேரம் ஓடும். அப்போது ஒலியையும் சேர்த்து மூன்றரை மெகாபிட்தான் மிச்சம். சில மென்பொருள்கள் இதைச் சொல்வதில்லை. சத்தமில்லாமல் அமுக்கி ஏற்றிவிடும்.

அடி எங்கே விழும்? எம்பெக்-2 சுருக்கமுறை, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே மாறாததைத் திரும்ப எழுதாமல் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. ரிசப்ஷனில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். தாலி கட்டும் நேரம் பாருங்க: அட்சதை பறக்குது, ஓமப்புகை சுழலுது, ஃபிளாஷ் வெட்டுது. எல்லாமே மாறுது. பிட் அதிகமாகத் தேவைப்படும் இடமும் அதுதான், எந்த நொடிக்காக கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தோமோ அதுவும் அதுதான். அங்கேதான் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இந்த விஷயத்தில் இலவச மென்பொருளான டிவிடிஸ்டைலர் நேர்மையானது. பிட்ரேட்டை நாமே வைக்கலாம். மெனு, டைட்டில், தாவல் கட்டளைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குறை என்னன்னா, 'விஎம்ஜிஎம்' மாதிரி சொற்களை விளக்கமில்லாமல் முகத்தில் அடிக்கும்; புதுசா வர்றவங்க மிரண்டு ஓடுவாங்க. டெம்ப்ளேட் அழகிலும் ஐடிவிடிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் அதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினால் ஒரு டிவிடி எப்படி இயங்குகிறது என்பது புரிந்துவிடும்.

என் பெரிய புகார் வேறு. இந்த மென்பொருள்கள் டிவிடியை 'முடிவுப் பொருள்' என்று நம்ப வைத்தன. 'அதான் டிவிடி ஆச்சே' என்று கேசட்டைத் தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனை! வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாய அடுக்கில். வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. கேசட்டிலிருந்து டிவி வடிவத்தில் இறக்கினால் மணிக்கு சுமார் 13 ஜிபி. இன்றைய ஹார்டு டிஸ்குக்கு அது ஒன்றுமே இல்லை.

எனவே இறக்கிய கோப்பை இரண்டு டிஸ்கில் வையுங்கள். கேசட்டையும் வையுங்கள். டிவிடி, சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பிரதி மட்டுமே.